அலறலுக்கும் கிட்டாருக்கும் நடுவே சமையல் எண்ணெய்

இசைச் செயலிகளை நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நேற்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் கேட்க உட்கார்ந்தேன். இதயத் துடிப்பு, கடிகார டிக்டிக், கல்லாப்பெட்டிச் சத்தம், யாரோ சிரிப்பது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு பெண்ணின் அலறல் உச்சத்துக்குப் போகிறது. அங்கிருந்து கிட்டார் இறங்கி 'ப்ரீத்' பாடல் தொடங்க வேண்டும். தொடங்கியது சமையல் எண்ணெய் விளம்பரம்.

காசு கட்டாமல் கேட்டால் விளம்பரம் வரத்தான் செய்யும். எங்கே வருகிறது என்பதுதான் என் வழக்கு. 1973 மார்ச்சில் வெளிவந்த இந்த ஆல்பத்தில் பத்துப் பாடல்கள் என்று உங்கள் பட்டியல் காட்டும். காதுக்கு அவை இரண்டே: இசைத்தட்டின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். 'மனி' பாடலின் தொடக்கத்தில் கேட்கும் சில்லறை, கிழிபடும் காகிதம், கல்லா மணி எல்லாம் தனித்தனி ஒலிநாடாத் துண்டுகள். ஏழு தட்டுத் தாளத்துக்குப் பொருந்த, அளவுகோல் வைத்து வெட்டி, வளையமாக ஒட்டினார்கள். அப்படி அளந்து ஒட்டியவர்களின் வேலைக்குள் நீங்கள் அரை நிமிடத்தைச் செருகுகிறீர்கள்.

அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 1988 வரை எழுநூறு வாரங்களுக்கும் மேல் இருந்த ஆல்பம் இது. 2003இல் ரெகே கலைஞர்கள், 2009இல் ஃப்ளேமிங் லிப்ஸ் குழு, 2023இல் பிங்க் ஃப்ளாய்டில் இருந்த ரோஜர் வாட்டர்ஸே தனியாக, இதை மறுபடி செய்தார்கள். பிடித்த பாட்டை மட்டும் யாரும் பிய்த்துக்கொண்டு போகவில்லை. முழுவதையும், வரிசை குலையாமல் செய்தார்கள். ஆல்பத்தின் பாடல்களைக் குலுக்கிப் போடாதீர்கள் என்று 2021இல் பாடகி அடேல் கேட்டதும் உங்களில் ஒருவர் பொத்தானையே மாற்றினாரே!

விளம்பரம் போட்டே ஆகவேண்டுமா? இடம் சொல்கிறேன். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் பாடகி கிளேர் டோரியின் குரல் அடங்கிய பிறகு, 'மனி'க்கு முன். அந்தக் காலத்தில் எல்லோரும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்ட இடம் அது. (அந்தக் குரலுக்கு அன்று கொடுத்த கூலி 30 பவுண்டு. பாடலாக்கத்தில் அவருக்கும் பங்கு என்று ஒப்புக்கொள்ள 2005 வரை ஆனது. அது வேறு வழக்கு.)

இன்னொன்று. இறுதியில் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் வாயிற்காவலர், நிலவில் இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாமே இருட்டுதான் என்கிறார். பிறகு இதயத் துடிப்பு தேய்ந்துகொண்டே போகும். அது அடங்கிய மறுநொடியே, எனக்குப் பிடிக்கும் என்று நீங்களாக முடிவுசெய்த ஒரு பாட்டைப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
காசு கட்டாத ஒரு நேயர்