பேத்தியும் வில்லுக்காரியும்

அன்புத் தோழிக்கு,

எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று பத்து நாளாகத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. முட்டிவலி பரவாயில்லை. இங்கே பினாங்கில் மதியமானால் மழை. மகளுக்கு பாயான் லெபாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறிவிட்டது, அதனால் ஆறு வயதுப் பேத்தி பகல் முழுக்க என் தலையில்தான்.

போன தடவை போனில் கேட்டாயே, இந்தப் பிள்ளைகள் ஏன் கார்ட்டூனில் வருகிற அடங்காப்பிடாரிப் பெண்கள் பின்னாலேயே அலைகிறார்கள் என்று. அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது.

இவளுக்கு 2012இல் வந்த 'பிரேவ்' படம்தான் உயிர். மெரிடா என்று ஒரு ஸ்காட்லாந்து இளவரசி, செம்பட்டைப் பரட்டைத் தலை, கையில் வில். வில்வித்தைக்காகத்தான் பிடிக்கிறது என்று நினைத்திருந்தேன். ஆனால் இவள் திருப்பித் திருப்பிப் போடச் சொல்வது வேறு இடம். அம்மா நெய்த குடும்பச் சித்திரத்தை மெரிடா கோபத்தில் வாளால் கிழிக்கிறாள், அப்புறம் ஒரு சூனியக்காரியிடம் வாங்கிய பலகாரத்தைக் கொடுத்து அம்மாவையே கரடியாக்கிவிடுகிறாள், இரண்டாவது சூரிய உதயத்துக்குள் சரிசெய்யாவிட்டால் தாய் கரடியாகவே இருந்துவிடுவாள். அதற்கு மெரிடா முதலில் பழியைச் சூனியக்காரி மேல் போடுகிறாள் பார், அங்கேதான் நம் வீட்டுப் பெண் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பாள்!

தமிழ்ப்பள்ளியில் நமக்குச் சொன்ன கதைகளை நினைத்துப் பார். கண்ணகி மதுரையையே எரித்தாள், ஆனால் அங்கும் தப்பு பாண்டியனுடையது, அவள் பக்கம் நியாயம். தானே தப்புச் செய்துவிட்டு முழிக்கிற பெண்ணை நமக்கு யாரும் காட்டவில்லையே. மெரிடா கதையே ஒரு தாய் யோசித்ததுதான், பிரெண்டா சாப்மன் என்ற இயக்குநர் தன் மகளோடு பட்ட பாட்டிலிருந்து எடுத்தாராம். பாதியில் அவரை மாற்றிவிட்டார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல். 2013இல் வந்த 'ஃப்ரோசன்' படத்து எல்சாவைக்கூட முதலில் வில்லியாகத்தான் வைத்திருந்தார்கள், அவளுக்கு 'லெட் இட் கோ' பாட்டு வந்த பிறகு மனம் மாறினார்கள். நம் மலேசியக் கார்ட்டூன் 'உப்பின் இப்பின்' பார்க்கும்போதும் எனக்கு அந்தக் கத்தித் தீர்க்கிற அக்கா காக் ரோஸ்தான் பிடிக்கும், அதை நீ வெளியே சொல்லாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் அம்மாவின் மங்குக் கோப்பை, எஸ்டேட் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தோமே, அது காணோம். பேத்தியைக் கேட்டால் பூனை என்றாள். நம் வீட்டில் பூனை ஏது? நானும் கத்திவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே படம், அதே கரடி. திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள், "பாட்டி, கரடி அம்மாவுக்கு அவமேல இன்னும் கோவமா?"

நான் பதில் யோசிப்பதற்குள் எழுந்து போய் அரிசிப் பானைக்குள் கைவிட்டாள். கோப்பை வந்தது, பள்ளிப் பசையால் ஒட்டி, பிடி தலைகீழாக.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிறாய்தானே? இங்கேயே தங்கு. அவளுக்குக் கிரீடம் வைத்த பொம்மை வாங்கி வராதே, வில் அம்பு கேட்கிறாள், எனக்குத்தான் என் கண்ணைப் பற்றிக் கவலை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி