கேஸ்கட்டுக்குப் பில், காருக்குள் சிவப்புப் பசை

அனுப்புநர்:
டர்போ பெட்ரோல் கார் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்,
கார் நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் டர்போ இணைப்பில் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) வைக்காமல் சிலிகான் பசை பூசியது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

என் காரில், எஞ்சின் புகையைத் திரட்டி அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், அந்தப் புகையால் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவும் சேரும் இடத்தில் புகை கசிந்ததால், இங்குள்ள தங்கள் சர்வீஸ் மையத்தில் வண்டியை விட்டேன். கேஸ்கட், நட்டுகள், கூலி என்று வரிவரியாகப் பில் போட்டார்கள். முழுத் தொகையையும் செலுத்தினேன். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது, “குப்பையில் போட்டுவிட்டோம் சார்” என்றார் சர்வீஸ் ஆலோசகர்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே ‘டிக் டிக்’ என்ற பழைய சத்தம் திரும்பிவிட்டது. எஞ்சின் சூடேறியதும் அது அடங்கிவிடும். உலோகம் விரிந்து இடைவெளி குறைவதால் அப்படித்தான் இருக்கும். கசியும் இணைப்புக்கு அதுவே அடையாளம். மையத்துக்கு ஓட்டிச் சென்று சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடுவதால், “சத்தமே இல்லையே” என்று திருப்பி அனுப்பினார்கள். இரவு வண்டியை அங்கேயே நிறுத்தி, காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேளுங்கள் என்று கெஞ்சியும் பயனில்லை.

சத்தம் மட்டுமென்றால் பொறுத்துக்கொள்வேன். மேட்டுப்பாளையத்தில் கல்லாறு தாண்டி ஊட்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி மூச்சு வாங்குகிறது. டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே வெளியேறினால் பூஸ்ட், அதாவது எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம், எப்படி ஏறும்? சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாகப் புகை வாடை உள்ளே வருகிறது. அந்தப் புகையோடு வாடையே இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் வரும் என்பதைக் கார் தயாரிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வயதான என் தாயாரை அந்த வண்டியில் ஏற்றவே இப்போது தயங்குகிறேன்.

வேறு வழியின்றி வெளியில் ஒரு அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டினேன். இணைப்பை மூடியிருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றியதுமே விஷயம் வெளிப்பட்டது. ஒன்றோடொன்று பொருந்தும் தட்டை விளிம்புகளான இரண்டு ஃபிளேஞ்சுகளுக்கும் நடுவிலிருந்து சிவப்புப் பசை பிதுங்கி, கருகி, சுரண்டினால் மாவாக உதிர்கிறது. அதன் ஓரமாகக் கரிக்கோடு ஒன்று தகட்டின் பின்புறம் வரை படிந்திருக்கிறது. நட்டுகளும் பழையவையே, ஒன்றின் முனை மழுங்கியே போயிருக்கிறது. புதிய கேஸ்கட் இருந்ததற்கான சுவடே இல்லை.

இத்தகைய சிவப்பு சிலிகான் பசைகள் பொதுவாக 340 டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான் தாங்கும். அது டியூப்பிலேயே அச்சிட்டிருக்கும். டர்போ பெட்ரோல் எஞ்சினில் முழுச் சுமையின்போது அந்த இணைப்பைக் கடக்கும் புகையோ 900 டிகிரியைத் தாண்டும். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியான ஆயில் பேனுக்குப் பூசும் பசையை அடுப்புக்குள் பூசியிருக்கிறார்கள். அதனால்தான் அந்த இடத்துக்குப் பல அடுக்கு எஃகுக் கேஸ்கட் இருக்கிறது. சைலன்சர் பக்கம் பசை பூசினால் உதிர்வது வெளியே போய்விடும். இங்கே உதிரும் ஒவ்வொரு துணுக்கும், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்பைன் இறக்கைகளில்தான் போய் மோதும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரையும் சிலிகான் ஆவி கெடுக்கும். இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டியவர்கள் தங்கள் பணியாளர்கள்.

மேலாளரிடம் புகைப்படங்களைக் காட்டினேன். “வெளியே கழற்றிவிட்டீர்கள், இனி வாரண்டி கிடையாது” என்றார். கழற்றியது வெப்பத் தடுப்புத் தகடு ஒன்றை மட்டுமே. வைக்காத கேஸ்கட்டுக்குப் பணம் வாங்கியவர் வாரண்டி பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனவே நான் கேட்பது இதுதான். டர்போவை முழுமையாக இறக்கி, பசையைச் சுத்தம் செய்து, இரண்டு ஃபிளேஞ்சுகளும் சமமாக இருக்கின்றனவா என்று நேர்விளிம்புச் சட்டமும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வைத்து என் முன்னால் பார்க்க வேண்டும். மேனிஃபோல்டு வளைந்திருந்தால் புதிய கேஸ்கட் வைத்தும் பயனில்லை, ஆகவே அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. புதிய கேஸ்கட், புதிய ஸ்டட் (நட்டு ஏறும் மரைத்தண்டு), புதிய நட்டு பொருத்தி, தங்கள் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள வரிசையிலும் அளவிலும் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்க வேண்டும். டர்பைன் இறக்கைகளையும் ஆக்சிஜன் சென்சாரையும் சோதித்து எழுத்துப்பூர்வமாக அறிக்கை தர வேண்டும். பழுதிருந்தால் தங்கள் செலவில் மாற்ற வேண்டும். முதலில் வசூலித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும். இந்த வேலையை அதே மையத்தில் செய்ய நான் சம்மதிக்கவில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை ஆகிய இரண்டுக்காகவும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். பசை படிந்த இணைப்பை அதுவரை யாரையும் தொட விடமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், இணைப்பின் புகைப்படங்கள், காலை ஸ்டார்ட் சத்தத்தின் ஒலிப்பதிவு.