அம்மிக்கல்லை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சொல்லில்லாச் சித்திரக்கதைகள் பற்றிய கட்டுரை படித்தேன். எழுத்தே இல்லாததால் யாரும் சுலபமாகப் படித்துவிடலாம் என்று அதில் ஒரு வரி. எனக்கு அப்படி அமையவில்லை.

கட்டுரையில் வரும், ஓவியர் ஷான் டானின் 'தி அரைவல்' (2006) மகன் வாங்கிக் கொடுத்து வீட்டில் கிடந்தது. அரை மணி நேரத்தில் புரட்டி மூடிவிட்டேன். மனைவி மகளை விட்டுவிட்டு ஒருவன் கப்பலேறுகிறான், தெரியாத ஊரில் பிழைக்கிறான், பிறகு அவர்களையும் வரவழைத்துக்கொள்கிறான். அவ்வளவுதானே என்றிருந்தது. அந்த ஊர் போர்டு, காகிதம் எல்லாவற்றிலும் இருப்பது எந்த மொழியும் இல்லை, ஓவியரே இட்டுக்கட்டிய எழுத்து. வாசித்தே பழகிய எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அதை ஒழுங்காகப் படித்தவர் என் அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரை இரு நாடுகளும் பிரித்துக்கொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எண்ணிக் கொடுக்கப்பட்ட 5,25,000 பேரில் அவரும் ஒருவர். நுவரெலியா பக்கத்திலிருந்து கோச்சியில் (அங்கே ரயிலுக்கு அதுதான் பெயர்) தலைமன்னார், 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் பந்தலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டம். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இடுப்பில் என் அக்கா.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒன்பது கட்டம். காகிதக் குருவி, கடிகாரம், தொப்பி, சட்டி என்று போகும். "சாமான் கட்டுறாங்க" என்றார் அம்மா, உடனே. பிறகு தன் சாமான்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அம்மிக்கல்லைக்கூடச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்களாம். பக்கம் முழுக்கக் குட்டிக் கட்டங்களில் வெறும் மேகமாக இருந்த இடத்தை நான் தாண்டிப் போயிருந்தேன். அம்மா அங்கேயே நின்றுவிட்டார். "கப்பலு கொஞ்ச நேரந்தான். முகாம்ல உக்காந்திருந்தோமே, அதான் இது."

அந்த ஆளுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. எழுத்து தெரியாததால் எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டிவைக்கிறான், வேலை போகிறது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வந்த புதிதில் கூடலூரில் பஸ் மாறி ஏறிய கதை அப்போதுதான் வெளியே வந்தது. நாடுகாணி தாண்டி வண்டி மலையிறங்கவும் விஷயம் புரிந்து, கேரளத்து வழிக்கடவில் போய் இறங்கியிருக்கிறார். போர்டு மலையாளமா தமிழா என்று கேட்டேன். "எனக்கு ரெண்டும் இந்தப் பொஸ்தகத்துல இருக்குற மாதிரித்தான்" என்றார். அந்தப் போலி எழுத்து எதற்கென்று எனக்கு விளங்கியது அப்போதுதான். படித்தவனையும் கொஞ்ச நேரம் படிக்காதவனாக்கி உட்கார வைக்கிறது. இதைச் சுலபம் என்று எப்படிச் சொல்வது?

புத்தகத்தின் மேல் அம்மாவுக்கு ஒரு குறையும் உண்டு, எனக்கும் அதே குறைதான். "இவனுக்கு வாய்ச்ச சனமெல்லாம் நல்ல சனமாவுல்ல இருக்கு!" வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கைகொடுக்கிறார்கள், தங்கள் கதையையும் சொல்கிறார்கள். இங்கே, இந்த மண்ணிலேயே பிறந்த என்னையும் கடைவீதியில் 'சிலோன்காரங்க வீடு' என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அதில் வன்மம் இருக்கிறதென்று சொல்லமாட்டேன். ஆனால் ஐம்பது வருஷமாகியும் போகவில்லை.

அட்டைக்கு உள்பக்கம் பாஸ்போர்ட் படம் போல அறுபது முகங்கள். அம்மா ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

உங்கள் இதழில் வரையும் ஓவியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைமன்னாரிலிருந்து கூடலூர் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லாமல் வரைந்து பாருங்களேன். விவரம் வேண்டுமென்றால் அம்மா சொல்வார், உட்கார்ந்து கேட்க நேரம் மட்டும் இருக்க வேண்டும். அந்த அம்மிக்கல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பந்தலூர், நீலகிரி.