பயறு விதை பங்குனியில் வந்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழையோடு செய்யும் காலபோக நெல் வெட்டிய வயலில் பயறு போடச் சொல்லி அரசாங்கம் திட்டம் கொண்டுவருகிறது, பிறகு கூட்டங்களில் ஒரே பேச்சு, சிறு விவசாயிகளுக்கு ஆர்வமில்லையாம், பதிந்தவர்களில் பாதிப்பேர் விதைக்கவில்லையாம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவன் நான், நேராகவே சொல்லிவிடுகிறேன்.

பயறு நல்ல பயிர்தான், அதில் சண்டை இல்லை. மஹ இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் தந்த எம்.ஐ. 6 இனம் 2 மாதத்தில் முற்றிவிடும், ஏக்கருக்கு 10, 12 கிலோ விதை போதும், நெல்லைப்போல யூரியா கேட்காது. ஆனால் அது முளைக்க வேண்டியது நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் விட்டுப்போன ஈரத்தில். மாசியில் மெசின் வெட்டி வெளியேறிய கையோடு ஒரு உழவு உழுது விதைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. போன முறை எங்களுக்கு விதை வந்தது பங்குனி நடுவில். அப்போது வயல் வெடித்துக் கிடக்கிறது, வெடிப்புக்குள் கால் பெருவிரலை விடலாம். சிலர் அந்த விதையைத் தேங்காய்ப்பூப் போட்டு அவித்துத் தின்றார்கள், மறைக்க என்ன இருக்கிறது.

சரி, விதை நேரத்துக்கு வந்தாலும் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, முடிந்தால் வயல்வெளி மாடுகளுக்கு. மாட்டுப் பட்டிக்காரரைக் குறை சொல்ல ஏலாது, மேய்ச்சல் தரை ஒதுக்கித் தாருங்கள் என்று அவர்களும் எத்தனை வருடமாகக் கேட்கிறார்கள். ஒரு வெளியில் நாலைந்து பேர் மட்டும் பயறு போட்டால் அந்தத் துண்டுகள் ஒரே இரவில் மொட்டை. பெரிய கமக்காரர் கம்பி அடிப்பார், காவலுக்கு ஆள் போடுவார், ஒரு ஏக்கர்க்காரனுக்கோ பயறு விற்ற காசு கம்பிக்கே காணாது. ஒரு வாய்க்காலின் கீழ் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டால்தான் இது சரிவரும், ஆளுக்கொரு படிவம் நிரப்பிச் சரிவராது.

படிவத்துக்கும் எங்கள் பக்கத்தில் காணிப் பெர்மிற் (அனுமதிப்பத்திரம்) கேட்டார்கள். காணிக்காரர் கனடாவில், வயலில் நிற்கிறவன் குத்தகைக்காரன், அவனுக்கு விதையும் இல்லை, கணக்கில் பெயரும் இல்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே அறிவித்தலில் நிறுத்திவிட்டு அந்த வருடம் கார்த்திகையிலேயே திருப்பி அனுமதித்தவர்கள், சனம் படிவத்தைக் கண்டு யோசிக்கிறது என்று ஆச்சரியப்படுவதுதான் எனக்கு ஆச்சரியம்.

காலபோகக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் மாடு அகற்றும் திகதியும் தீர்மானிக்கிறோம் அல்லவா, பயறுக்கும் அதே கூட்டத்தில் கமக்கார அமைப்புகளோடு பேசித் திகதி வைக்கலாம். விதையைத் தை முடிய முதல் கமநல சேவை நிலையத்தில் இறக்கட்டும், குத்தகைக்காரனையும் பதியட்டும். அதற்குப் பிறகும் விதைக்காவிட்டால் ஆர்வமில்லை என்று எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
முரசுமோட்டை விவசாயி ஒருவர்