பேனாவை மூடியது நான்தான், அக்கா

அக்கா,

வருகிற ஞாயிறு அம்மாவின் ஓராண்டு ஜெபத்துக்கு நான் வருகிறேன். இரண்டு மாதம் யோசித்து நேற்றுதான் முடிவு செய்தேன். என்னைப் பார்த்ததும் அடுக்களைக்குள் போய்விடாதே.

நிலத்தில் நம் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை, அதை எழுதுபவர் 'பூரண சம்மதத்துடன் விடுதலை செய்து' என்று வாசித்தபோது, மேசைக்கு அடியில் நீ என் முழங்காலை அழுத்தினாய். "போடு பிள்ளே, எல்லாரும் பாக்காவ." உன் கை வேர்த்திருந்தது. விடியற்காலையில் ரப்பர் விளையில், பாம்புக்குப் பயந்து நான் பிடித்துக்கொண்டு நடந்த கை அது. நான் சிரட்டைகளை வழித்து ஊற்றுவேன், நீ வாளியைச் சுமப்பாய். அண்ணன் டியூஷனில் இருப்பான். அது நினைவுக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கத்தவில்லை, யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயந்திரத்துக்குள் சபை முழுக்க நான் ஆசைக்காரி. 'நகை போட்டுத்தானே அனுப்பினாங்க?' சரி, 1916-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் போட்ட கிறிஸ்தவ வாரிசுச் சட்டமும் இதைத்தான் சொன்னது. மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது மகளுக்கு. ஸ்திரீதனம், அதாவது சீதனம், கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் என்ற பெண் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே ரத்தாகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது. நம் வீட்டுத் திண்ணைக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

நான் பேனாவை மூடியது அம்மா படுக்கையில் கிடந்த நேரத்தில். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த நாளைக் குறித்தது நான் இல்லையே? அடக்கத்தன்று பெரியம்மா என் காதுபட "இவளாலதான் போனா" என்றபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். குனிந்து செருப்பைத் தேடினாய்.

நீ கையெழுத்துப் போட்டதில் எனக்குக் கோபம் இல்லை. உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். நம் ஆட்கள் படிப்பார்கள், அதனால் அதை இங்கே எழுதவில்லை. எத்தனை சென்ட் என்பதையும் எழுதவில்லை. உன் பங்கையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டுமோ என்று சில ராத்திரி தோன்றும். அப்புறம் அந்தச் செருப்பு ஞாபகம் வரும்.

அம்மாவின் பச்சைக் கரைச் சேலை உன் பீரோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா. அதை எனக்கென்று அம்மா சொன்னபோது நீயும் அங்கேதான் இருந்தாய்.