பாக்கு இடிக்கிற சத்தம்

உறையூர்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கோமதிக்கு,

திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டி முடித்துவிடு. பேரன் காதுகுத்துக்கு வரவில்லை. பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பதில் போடவில்லை. போன வாரம் நீ கூப்பிட்டபோதும் "அப்புறம் பேசுறேன்டி" என்று வைத்ததோடு சரி. அப்போது நான் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தேன், சத்தியமாக. ஒரு கையில் ஸ்குரூ டிரைவர், இன்னொரு கையில் ஃபேன் இறக்கை. போனை இவர்தான் அண்ணாந்து என் காதில் பிடித்துக்கொண்டிருந்தார்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நித்யா வேலை மாறிவிட்டாள், சமையல் மாறவில்லை. நாம் ஒட்டகம் என்று பட்டப்பெயர் வைத்தோமே, அவள் போன மாதம் வந்திருந்தாள். அதே பச்சைப் புடவை, அதே நாத்தனார் கதை. நேரில் பார்க்கும்போது நடித்தே காட்டுகிறேன். இப்போது ஃபேன் கதையைக் கேள்.

அத்தை படுக்கிற அறை ஃபேனை உனக்குத் தெரியும். நீ வந்து தங்கிய அன்று ராத்திரி, "இது ஃபேனா, மாவு மில்லா?" என்று கேட்டாயே, அதேதான். 1981-ல் மாமனார் வீடு கட்டியபோது மாட்டியது. கல்கத்தாவில் செய்தது, கழற்றினால் கை இற்றுப்போகிற கனம். நித்யா ஒரே பிடியாக, "அதைத் தூக்கிப் போடும்மா, பிஎல்டிசி ஃபேன் வாங்கு, 75 வாட் இழுக்கிற இடத்தில் 30 வாட்தான் இழுக்கும்" என்கிறாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ரெண்டு மாதத்துக்கு 27 யூனிட் மிச்சம். நியாயம்தான். ஆனால் நன்றாக ஓடுகிற சாமானைத் தூக்கிப் போட எனக்குக் கை வராது என்பது உனக்குத் தெரியாதா? ஹாஸ்டல் வாளியை இன்னும் வைத்திருக்கிறவள் நான்.

நன்றாக ஓடியது என்றா சொன்னேன்? மூன்று விதமான சத்தத்தோடு ஓடியது. மாசி கடைசியில் வெயில் ஏற ஆரம்பித்ததும், நானே பார்த்துவிடுவது என்று இறங்கினேன். இவர் சிரித்தார். நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த மனுஷர், பல்பு மாட்டக்கூட ஆள் தேடுவார். அவர் சிரிக்கலாமா?

முதல் பாடம், சத்தத்தைப் பிரித்துக் கேட்பது. ரெண்டிலோ மூன்றிலோ ஓடவிட்டு ஸ்விட்சை அணை. அணைத்த நொடியே நின்றுபோகிற சத்தம் கரண்டால் வருவது. சுற்றி ஓய்கிறவரைக்கும் கூடவே வருகிற சத்தம் பேரிங், இறக்கை இந்த மாதிரிச் சாமான்களால் வருவது. என் ஃபேனில் "ம்ம்ம்" என்ற முனகல் உடனே நின்றது. "கர்ர்ர்" மட்டும் கடைசிச் சுற்று வரை வந்தது. முனகல் ரெகுலேட்டர் வேலை. ஐந்தில் வைத்தால் கிடையாது, ரெண்டு மூன்றில்தான் வரும். இந்தக் காலத்துச் சின்ன ரெகுலேட்டர்களில் சிலது கரண்டை நறுக்கி நறுக்கித்தான் விடும், அதில் மோட்டார் முனகும். அந்த முனகலை மன்னித்து விட்டுவிட்டேன்.

பிறகு இறக்கை. துடைத்த அழுக்கில் ஒரு தலையணை தைக்கலாம். மூன்று இறக்கையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க டேப் எல்லாம் வேண்டாம். ஒரு ஈர்க்குச்சியைச் சீலிங்கிலிருந்து இறக்கை நுனிவரை அளந்து ஒடித்துக்கொள், அதை மற்ற ரெண்டிலும் வைத்துப் பார். ஒன்று அரை விரல்கடை தாழ்ந்திருந்தது. அது மாட்டியிருந்த தகடு வளைந்திருந்தது. கழற்றித் தட்டி நேராக்கினேன். அப்படியும் லேசாக ஆடியதால், ஓர் இறக்கையின் முதுகில் ஒரு ரூபாய்க் காசை டேப்பால் ஒட்டினேன். ஆட்டம் நின்றது. மூன்று இறக்கையிலும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்துத்தான் இடம் பிடிபட்டது, ஒரு சாயங்காலம் முழுக்க.

ஃபேனைக் கிளப்பிவிடுகிற கண்டென்சரும் சோர்ந்து போயிருந்தது. 2.5 மைக்ரோஃபாரட், அறுபது ரூபாய். மாற்றியதும் ஃபேனுக்கு வாலிபம் திரும்பியது. அப்போதுதான் நம் ஹாஸ்டல் பதினேழாம் நம்பர் ரூம் ஞாபகம் வந்தது. நீ துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டால்தானே அந்த ஃபேன் கிளம்பும்? வார்டன் "காயில் போச்சு, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று மூன்று வருஷம் ஓட்டினாரே! காயில் போகவே இல்லையடி. காயில் போயிருந்தால் தள்ளிவிட்டாலும் ஓடியிருக்குமா? வெறும் கண்டென்சர். இத்தனை வருஷம் கழித்து அவர் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

மிச்சம் "கர்ர்ர்". அது பேரிங். அதை மாற்ற ஃபேனையே கீழே இறக்க வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ரெண்டு வருஷமாக அத்தைக்கு ஒரே புகார்: "ராத்திரி மாடியில யாரோ பாக்கு இடிக்கிறாங்க." எங்களுக்கு ஏது மாடி வீடு? மொட்டை மாடிதான். பல் போனதிலிருந்து அத்தை இரும்பு உரலில் இடித்துத்தான் வெற்றிலை போடுவார். டாக்டர் அதையும் நிறுத்தச் சொல்லி ரெண்டு வருஷம் ஆகிறது. ஆகவே உரல் ஞாபகம்தான் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். நித்யா போன் பண்ணினால் முதல் கேள்வியே, "பாட்டி, மாடி வீட்டுக்காரங்க இன்னிக்கு எத்தனை பாக்கு?" அத்தையும் சிரிப்பார். நானும் சிரித்தேன் கோமதி. விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். உன்னிடமும் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். சீலிங்கை ஒட்டி ஒரு கப் இருக்குமே, அதன் ஸ்குரூவைத் தளர்த்திக் கீழே இறக்கி டார்ச் அடித்தேன். கான்கிரீட்டில் பதித்த கொக்கி. அந்தக் கொக்கியில் ஒரு ரப்பர் உருளை உட்கார வேண்டும், அதற்குள் போல்ட், போல்ட்டில் ஃபேன். ரப்பரைக் காணோம். கப்புக்குள் கறுப்புப் பொடியாகக் கொஞ்சம் கிடந்தது. போல்ட் நேராகக் கொக்கி மேல், இரும்பும் இரும்பும். கொக்கியில் போல்ட் உட்கார்ந்த இடம் புது வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது, தேய்ந்து பள்ளமாகியிருந்தது. போல்ட்டைப் பாதிக்கு மேல் அரித்திருந்தது. அதன் நட்டு கடைசி ரெண்டு மரையில் நின்றுகொண்டிருந்தது. நட்டு கழன்று விழாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின் போடுவார்கள். அதற்கான ஓட்டை காலியாக இருந்தது. ஓட்டைக்குள் பெயின்ட் அடைத்திருந்ததால், அதில் பின் போட்டே வருஷக்கணக்காகியிருக்க வேண்டும்.

நேர் கீழே அத்தையின் தலையணை.

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இவரைக் கூப்பிட்டேன், சத்தம் வரவில்லை. பிறகு ரெண்டு பேருமாகப் பிடித்து இறக்கினோம். பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்துப் பார்த்தேன், ஆறே முக்கால் கிலோ.

அந்த பாக்கு இடிக்கிற சத்தம் எங்கள் யாருக்கும் ஏன் கேட்கவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அத்தைக்குக் குளிரும், ஃபேனை ஒன்றில்தான் வைப்பார். மெதுவாகச் சுற்றும்போது தண்டு ஒரு பக்கம் சாயச் சாய, போல்ட் கொக்கியில் இடிப்பது தனித்தனியாகக் கேட்கும்: டொக், டொக், டொக். நாங்கள் அந்த அறைக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் வேலை என்ன? "உஸ்" என்று ஐந்தில் திருப்புவது. ஐந்தில் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும். அத்தை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மேலே யாரோ இடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மட்டும். அந்த ஃபேனைக் கடைசியாகக் கழற்றி மாட்டியது ஆறு வருஷத்துக்கு முன், வெள்ளையடித்தபோது. மாட்டிய ஆளைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் அன்றைக்கு ஸ்டூலுக்குக் கீழே நின்று, "சீக்கிரம் மாட்டுப்பா, அத்தைக்கு வேர்க்குது" என்று அவரை விரட்டியவள் நான்தான்.

மிச்ச வேலை சீக்கிரம் முடிந்தது. பாலக்கரையில் பேரிங் வாங்கினேன். மேலே 6202, கீழே 6201. பழசின் விளிம்பிலேயே நம்பர் பொறித்திருக்கும், எண்ணெய் போட்டுத் துடைத்தால் தெரியும். காயில் கட்டும் கடைக்காரர் புல்லர் போட்டுப் பழசை உருவிக் கொடுத்தார். கிரீஸ் கரும்புத் தோட்டத்துப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. புதுசை அடிக்கும்போது என் கையிலேயே சுத்தியலைக் கொடுத்து, "வெளி வளையத்துல அடிக்காதீங்கம்மா, உள்ள இருக்கிற குண்டு போயிடும். பைப்புத் துண்டை உள் வளையத்துல வெச்சுத் தட்டுங்க" என்றார். தட்டினேன். பெருமைக்குச் சொல்கிறேன், நேராக உட்கார்ந்தது.

பழைய கொக்கியை நம்பவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு நாலு அங்குலம் தள்ளித் துளை போட்டு, ஆங்கர் போல்ட்டில் புதுக் கொக்கி மாட்டினோம். புது ரப்பர், புது போல்ட், நட்டு, ஸ்பிளிட் பின். பின்னின் ரெண்டு காலையும் நானே இடுக்கியால் விரித்து வளைத்தேன். போதாதென்று ஒரு ஸ்டீல் கம்பிக் கயிற்றையும் பாதுகாப்புக்குச் சுற்றியிருக்கிறேன். இவர், "ஃபேனா, யானையா?" என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். சீலிங்கில் பழைய கப் இருந்த வட்டக் கறை ஒரு பக்கம், ஃபேன் ஒரு பக்கம். அத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். "ஏன் தள்ளி மாட்டியிருக்கே?" "இங்கேதான் காத்து நல்லா வரும் அத்தை." விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் காலி பண்ணிவிட்டார்கள் என்று நித்யாவிடம் அவரே சொல்லிவிட்டார்.

இப்போது எனக்கு ஒரு வியாதி. யார் வீட்டுக்குப் போனாலும் கண் மேலேதான் போகிறது. கல்யாண மண்டபத்தில் சாப்பிடும்போது ஃபேன் ஆடினால் இலையை நகர்த்திப் போடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். உன் அம்மா படுக்கிற கூடத்து ஃபேன் ஊஞ்சல் மாதிரி ஆடுமே, அதன் சத்தம்கூட எனக்கு நினைவிருக்கிறது. "பழசு, அப்படித்தான்" என்று நீயும் சொல்வாய். மெயினை அணைத்துவிட்டு, கப்பை இறக்கி, டார்ச் அடித்துப் பார். ரப்பர் இருக்கிறதா, நட்டு முழுசாக ஏறியிருக்கிறதா, பின் இருக்கிறதா. நீ ஏறாதே, உன் இடுப்பு லட்சணம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளையை ஏற்று. அதுவரை அம்மா கட்டிலைச் சுவரோரமாக நகர்த்திப் போடு. இன்றைக்கே போடு.

கவருக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், பத்திரம். ரெண்டு சைஸில் நாலு ஸ்பிளிட் பின் வைத்திருக்கிறேன். ஹேர்பின் என்று நினைத்துக் கொண்டையில் செருகிவிடாதே.

உன்
ஜெயா