கரிசல் வட்டாரத் தமிழ்த்துறைகளுக்கு: சொல்லை வேலையோடு சேர்த்து எடுங்கள்

கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, விளாத்திகுளம், சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் தமிழ் சொல்லித்தரும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

வட்டார வழக்கை ஆய்வேட்டுக்கு எடுக்கும் மாணவர்கள் பலர் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று பட்டியல் போட்டு முடித்துவிடுகிறார்கள். இந்த முறையை மாற்றித்தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் (கி.ரா.) இருவரும் பிறந்தது இடைசெவல் என்ற ஒரே ஊரில். பூமணி, சோ. தர்மன், மேலாண்மை பொன்னுச்சாமி ஆகியோரையும் சேர்த்தால், சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர்கள் மட்டும் இந்த மானாவாரி பூமியில் ஐந்து பேராவது உண்டு. இவர்கள் எழுத்துக்கு உரம் ஊர்ப்பேச்சு. கல்லூரியில் படிக்காத கி.ரா. கரிசல் வட்டாரச் சொல்லகராதியைக் கொண்டுவந்தது 1982இல். 40 ஆண்டுகள் தாண்டிவிட்டன. அந்த அகராதியை வளர்க்கும் பொறுப்பு இன்று உங்கள் துறைகளுடையது.

'சம்சாரி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மற்ற ஊர்களில் குடும்பஸ்தன்; இங்கே விவசாயி. பட்டியல் இதோடு நின்றுவிடும். நிலமில்லாத கூலியாளைச் சம்சாரி என்பார்களா, குத்தகைக்கு உழுகிறவரை? பேசியவரின் வாக்கியம் கையில் இருந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அட்டை போடச் சொல்லுங்கள்: காதில் விழுந்தபடியே சொல், அது வந்த முழு வாக்கியம், ஊர், பேசியவரின் வயது, செய்யும் தொழில், ஆணா பெண்ணா, தேதி, ஒலிப்பதிவில் எத்தனையாவது நிமிடம். பொருளைக் கடைசியில் எழுதினால் போதும்.

கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று நோட்டும் கையுமாகக் கேட்டால், பெரியவர் படித்த பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாறிவிடுவார். ஏரியை வீட்டில் 'கம்மா' என்பவர் உங்களிடம் 'கண்மாய்' என்பார். பேர் கேட்காமல், வேலை எப்படி நடக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலையை ஓட்டிய ஒருவரிடம் அப்படிக் கேட்டால் சொற்கள் தானாக வரிசையில் வந்து நிற்கும். மாடுகள் சரிவில் இறங்க, வடம் என்ற பெருங்கயிறு, கூனை என்ற நீர்ப் பாத்திரத்தை மேலே இழுக்கும். கூனையின் அடியில் தோல் குழாயான தும்பி. அதன் வாயை வால்கயிறு தூக்கிப் பிடித்திருப்பதால் தண்ணீர் வழியில் கொட்டாது. மேலே வந்ததும் தும்பியின் வாய் தாழும், தண்ணீர் தானே ஊற்றும். பிறகு மாடுகள் பின்னால் நடந்து சரிவேறக் கூனை மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். வால்கயிற்றின் நீளம் தப்பினால் என்ன ஆகும், தும்பி காய்ந்து விறைத்தால் என்ன செய்வார்கள் என்று அடுத்து கேட்க வேண்டும். பழுதைப் பற்றிப் பேசும்போதுதான் எந்தப் பட்டியலிலும் வராத சொற்கள் வரும். பம்புசெட் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கமலை ஓட்டிய கைகள் மிகச் சிலவே மிச்சம். இதை முதலில் எடுங்கள்.

புரட்டாசி, ஐப்பசி விதைப்புக் காலத்தில் போகாதீர்கள். உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இராது. செல்போன் பதிவே போதும். பேசுகிறவருக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தகரக் கூரைக்கு அடியில் உட்கார வேண்டாம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். அதனால் மாணவருக்கு நாலு மணி நேரப் பதிவே தாராளம். நூறு சொல் வேண்டும் என்று இலக்கு வைத்தால் பழைய அகராதியைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.

கரிசல் பேச்சு ஒரு சாதியின் பேச்சு இல்லை. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, தெருவில் தமிழ் பேசுகிறவர்களும் சேர்ந்து உருவாக்கிய தமிழ் இது. ஊர்த்தலைவர் வீட்டுத் திண்ணையோடு திரும்பினால் பாதிகூடத் தேறாது; தலித் மக்கள் வாழும் காலனித் தெருவிலும் உட்கார வேண்டும். வயக்காட்டோடும் நிற்கக்கூடாது. தீப்பெட்டித் தொழிற்சாலையைத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றே சொல்லும் ஊர்கள் இவை. கட்டையில் தீக்குச்சி அடுக்கியும், குரோஸ் (144) கணக்கில் பெட்டி ஒட்டியும் கூலி வாங்கிய பெண்களிடம் உள்ள சொற்களும் கரிசல் சொற்களே.

பாலியல் கதைகளையும் வசவுகளையும் 'ஆபாசம்' என்று வெட்டாதீர்கள். கி.ரா. அவற்றைக் கூச்சமில்லாமல் தொகுத்தார். சொன்னவர் பெயர் வேண்டாம் என்றால் பெயரை மறையுங்கள், கதையை வையுங்கள். பெண்கள் தங்களுக்குள் சொல்லும் கதைகளைக் கேட்க மாணவிகளை அனுப்புங்கள்.

பதிவுகளை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கல்லூரிக்கு வெளியே வையுங்கள். எழுதி முடித்ததும் மாணவரை அதே ஊருக்கு அனுப்பி, சொன்னவரிடமே படித்துக்காட்டச் சொல்லுங்கள். "நா அப்படிச் சொல்லலயே" என்று அவர் ஏதாவது ஒரு சொல்லைத் திருத்துவார். அந்தத் திருத்தத்தையும் தேதி போட்டு அட்டையில் சேருங்கள். அதன் பிறகு மதிப்பெண் போடுங்கள்.

அன்புடன்,
வட்டார வழக்குத் தொகுப்பில் ஈடுபட்டிருப்போர்